காட்டிக்கொடுத்தவர்

தன்பால் ஈர்ப்பாளர்களின் வரலாற்றைச் சொல்லும் அந்த ஆவணப்படத்துக்கு இயக்குநர் எடுத்த கடைசிப் பேட்டி தையல்காரருடையது. எழுபத்திரண்டு வயது மனிதர். நாற்பது வருடங்களுக்கு முன் போலீஸ் ஒரே நாளில் பதினொரு பேரை, வேலை பார்த்த இடங்களிலேயே பிடித்துப் போனதைச் சொன்னார். அவரும் அதில் ஒருவர். அவரோடு வாழ்ந்த வாத்தியாரைப் பிள்ளைகள் கண்ணெதிரே வகுப்பிலிருந்து இழுத்துப் போயிருக்கிறார்கள். வெளியே வந்த வாத்தியார் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, தூக்கில் தொங்கிவிட்டார்.

"யாரு காட்டிக்கொடுத்தான்னு கேக்க மாட்டியாம்மா?"

"தெரியுமா ஐயா?"

"உங்க தலைவருதான்."

அவள் கேமராவை நிறுத்தினாள். பத்தொன்பது வயதில், ஒரு பெண்ணைக் காதலித்ததற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, ஒற்றைப் பையோடு அவள் போய் நின்றது தன்பால் ஈர்ப்பாளர் இயக்கத்தை நடத்திவந்த அந்தத் தலைவரின் வாசலில்தான். படமே அவரைச் சுற்றித்தான் ஓடியது.

அன்று மாலையே போய்க் கேட்டாள். பேரணியில் பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். மழுப்பவில்லை.

"ரெண்டு நாள் அடிச்சாங்க. மூணாவது நாள் எல்லார் பேரையும் சொல்லிட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல." மூடிய பேனாவை மறுபடி எடுத்து, "படத்துல போடணும்னா போடும்மா. ஆனா என்னை நம்பி வர்ற புள்ளைங்க அப்புறம் எங்க போவாங்க?" என்றார்.

மூன்று இரவு தூங்காமல் புரண்டாள். நாலாம் நாள் தையல்காரர் பேட்டியில் காட்டிக்கொடுத்ததைச் சொன்ன பகுதியை வெட்டினாள். வாத்தியாரின் சாவும் அதோடு போனது. உதவியாளரிடம், "படம் ரொம்ப நீளமா இருக்கு" என்றாள்.

முதல் திரையிடலில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தையல்காரர் தானே தைத்த புதுச்சட்டையில் வந்திருந்தார்.

"நல்லா எடுத்திருக்கம்மா. அவன் செத்ததுதான் இல்ல."

 அதற்குள் தலைவர் வந்து தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். புகைப்படக்காரர்கள் சூழ்ந்தார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க!"

தையல்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைபேசியில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தலைவரோடு நின்றார்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் புகைப்படம் வந்தது. 'நாற்பதாண்டு நட்பு' என்று கீழே போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி அவள் எழுதவில்லை.