இரண்டு கிரவுண்டும் ஒரு கோடும்

1
இந்தக் கதை திருகோணமலை உவர்மலையில் ஒரு பிளேன்ரீ (பாலில்லாத் தேநீர்) கடையில் எனக்குக் கிடைத்தது. சிப் வடிவமைக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வான் (வேன்) ஓட்டும் சிந்துஜன், அங்குள்ள எஞ்சினியர்கள் இருவரைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் மற்றாள் செய்வார் எண்டு விட்டிட்டினம்!" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2
முதல் தொடக்கம்: 'கொட்டியாரக் குடாவின் அலைகள்—' சீ, வேண்டாம். அலை இல்லாமல் திருகோணமலைக் கதை எழுத ஏலாதா என்ன?

அந்த அலுவலகத்தில் பிரியதர்சினிக்கு அனலொக் பகுதி. கடலுக்கடியில் வைக்கும் மைக்கிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை வாங்கிப் பெருக்கும் பகுதி அவள் வரைந்தது. அதை எண்களாக்கும் டிஜிட்டல் பகுதி சிவரூபனுடையது. அது ஓயாமல் துடிக்கும். துடிப்பு இந்தப் பக்கம் கசிந்தால் அவளுடைய பகுதிக்கு ஒன்றும் கேட்காது. ஆகவே இருவருக்கும் தனித்தனிக் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் தரை; நடுவில் வேலி. ஒரேயோர் இடத்தில் மட்டும் இரண்டையும் ஒரு கோட்டால் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் சிப் செத்தது.

(இதை உவமை என்று நினைக்காதீர்கள். நான் நினைத்து வெட்கப்பட்டேன். அவர்கள் தொழிலே அப்படித்தான்.)

3
வருடக்கணக்காக ஒரே மேசையின் இரு பக்கம். "சாப்பிட்டீங்களோ?" என்பதற்கு மேல் கதை போகவில்லை. [இங்கே ஒரு மழை போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.] சிப்பைத் தயாரிப்புக்கு அனுப்பும் அன்றே சிவரூபன் நெதர்லாந்து வேலைக்குப் புறப்படுகிறான். பயணப்பை கதிரைக்கடியில் இருந்தது.

தனித்தனியே சோதித்தபோது இரு பக்கமும் சரி. அன்று கடைசியாகச் சேர்த்துச் சோதித்தபோதுதான் திரையில் பிழை காட்டியது. இரண்டு கிரவுண்டையும் சேர்க்கும் கோட்டைக் காணோம்.

"நீங்கள் போடுவீங்கள் எண்டு இருந்தனான்," என்றாள்.

"உங்கட பக்கம் கைவைக்கப் பயந்தனான். நீங்கள் போடுவீங்கள் எண்டுதான் நானும்..." மவுஸை அவள் பக்கம் தள்ளினான். "நீங்களே கோட்டைக் கீறுங்கோ."

அவள் கை நகரவில்லை. கீறினால் வேலை முடியும். அவன் பையைத் தூக்குவான். ஐயோ, இவன் போகக்கூடாதே என்று நினைத்தாள்.

4
முடிவு அ: அவள் கீறுகிறாள், அவன் போகிறான். கிழித்தேன்.

முடிவு ஆ: "போகாதேங்கோ" என்கிறாள், அவன்— இதையும் கிழித்தேன். அது என்னுடைய ஆசை.

மறுபடி சிந்துஜனிடம் போனேன். "கோட்டை ஆர் கீறினது?"

"ஆருக்குத் தெரியும்? சிப் இப்ப நல்லா வேலை செய்யுது. நான் அப்ப அவரை ஏத்திக்கொண்டு போகக் கீழ வானோட நிண்டனான். ஹோர்ன் அடிச்சும், கன நேரம் ஒருத்தரும் இறங்கி வரேல்லை."

பிறகு யார் வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

இதோ, நானும் கீழே போய் வானடியில் நிற்கிறேன். அந்த அறையில் இனி அவர்கள் இருவரும் நீங்களும்தான். அவள் வாய் திறக்கிறாள். என்ன சொன்னாள் என்று கேட்டு வையுங்கள்.