முடியாது என்றதற்கும் நன்றி

மார்ச் 14, வியாழன். சுவா.

ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். சின்னது என்று எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது.

சனிக்கிழமை நெட்பால் போட்டியில் சேரும் அணிகளுக்காக ஓர் இணையப் படிவம் செய்து கொடுத்தேன். மாலை வகுப்பில் படித்ததை வைத்துச் செய்தது. போட்டியை நடத்தும் மனோவா அண்ணன் கேட்டிருந்தார். அணியின் பெயர், ஒவ்வோர் ஆட்டக்காரியின் பெயர், போன் எண் எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், என் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அவற்றைச் சர்வருக்கு அனுப்பும். பதில் வந்ததும், "நன்றி, உங்கள் அணி சேர்ந்துவிட்டது" என்று காட்டும். என்ன பதில் என்று பார்க்கும்படி நான் எழுதவில்லை. சர்வர் "முடியாது" என்றாலும் அது ஒரு பதில்தானே? என் பக்கம் அதற்கும் நன்றி சொன்னது.

என் தோழி உலாமிலா பழக்கும் சிறுமிகள் அணிக்கு அதுதான் நடந்தது. அவள் ஆட்டக்காரிகள் எல்லோரும் ராய்வாங்காவில் ஒரே வீட்டுச் சொந்தங்கள். எல்லோருக்கும் ஒரே போன். ஒரு எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காதே என்று சர்வருக்குச் சொல்லி வைத்தவளும் நான்தான். எங்கள் வீட்டிலும் ஒரே போன்தான். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

இன்று ஆட்டப் பட்டியல் வெளியானது. வகுப்பு வாசலில் உலாமிலாவும் மனோவா அண்ணனும் நின்றிருந்தார்கள்.

"ஏய் கம்ப்யூட்டர் மகாராணி, எங்க டீம் எங்கடீ?" என்றாள் உலாமிலா.

"சர்வர் ஏத்துக்கல உலா. பக்கம்தான் தப்பா..."

"எனக்கு நன்றி சொல்லுச்சுடீ! அதக் காட்டினதும் புள்ளைங்க வீட்டையே ரெண்டாக்கிருச்சுங்க. மழையில நனைஞ்சு நனைஞ்சு பழகினதுங்க."

"அண்ணா, ஒரு டீம் சேத்துக்க முடியாதா?" என்று மனோவாவிடம் கேட்டேன்.

"பட்டியல் எல்லாருக்கும் போயாச்சு. இனிமே தொட்டா மத்தவங்க என்னைத் தின்னுருவாங்க," என்றார் மனோவா. "பாடம் படிக்க உனக்கு என் போட்டிதான் கெடச்சுதா?"

"நாளைக்கு கவா எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வரேன் உலா." எங்களில் மன்னிப்புக் கேட்கும் முறை அது. கவா வேரை முன்னால் வைத்துவிட்டால் யாரும் மறுப்பதில்லை.

"கொண்டு வராத. வாங்க மாட்டேன். வெறுங்கையோட வா. சனிக்கிழமை ஆட்டம் இல்லன்னு புள்ளைங்களுக்கு இன்னும் தெரியாது. நீயே சொல்லு."

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வகுப்பில், சர்வர் சொல்வதைப் பார்த்தே பதில் காட்டும்படி படிவத்தைத் திருத்தினேன். போன் எண் விதியை எடுத்தேன். சர்வர் மறுக்கட்டும் என்று அணியின் பெயரை வெறுமையாக விட்டு அனுப்பிப் பார்த்தேன். "சேர்க்கப்படவில்லை" என்று சிவப்பில் வந்தது. நம்பிக்கை வராமல் மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் சிவப்பு.

நாளை: வேலை முடிந்ததும் ராய்வாங்கா. வெறுங்கையோடு.