அவுட்பாக்ஸில் நின்ற கடிதம்

பர்ஹானா மேசைக்கு அடியில் குனிந்து மோடத்திலிருந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்கினாள். கூடத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் ஓதலை நிறுத்தாமலே அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பண்றே நீ? மய்யித்து ஊட்ல கம்ப்யூட்டரு கேக்குதா?" என்றார் ரஷீத் சாச்சா, அறை வாசலில் நின்றபடி. இறந்துபோன பக்கீர் முகம்மதுவின் தம்பி அவர்.

"ஷாகிருக்கு சேதி போவணும் சாச்சா. அவன் போனு கெடைக்கல. கப்பலுக்கு மெயிலு மட்டுந்தான் போவும்."

"ஜும்மா முடிஞ்சதும் எடுத்துடலாம்னு ஜமாத்துல சொல்லிட்டேம்மா. அவன் எந்தக் கடல்ல கீறானோ."

"எனக்கு அரை மணி நேரம் குடுங்க. எந்தக் கடல்னு சொல்றேன்."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு ஆபீஸ் வேலை. அங்கே எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் பட்டணத்திலிருந்து என்ஜினியர் வருவதற்குள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் என்ஜினியருக்கு வேலை இருக்காது.

பக்கீர் முகம்மது அன்று விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. மனைவி கமர் நிஷா டீயோடு போய்க் காலைத் தொட்டபோது கால் சில்லிட்டிருந்தது. பழவேற்காடு கடைத்தெருவில் வலை, கயிறு, தக்கை விற்ற மனிதர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. 2003இல் மகன் ஷாகிர் கப்பலில் என்ஜின் ரூம் வேலைக்குச் சேர்ந்ததும், போனில் பிடிக்க முடியாது, மெயில்தான் என்று தெரிந்ததும், யாரையும் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். மூன்று வருஷமாக ஒற்றை விரலால் தட்டித் தட்டி மகனுக்கு எழுதினார். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் மகள் பர்ஹானாவின் ஆபீசுக்குப் போன் போடுவார்.

இந்த வாரம் நாலு தடவை போட்டிருந்தார்.

"ஒரு படம் அனுப்பறேம்மா, போவ மாட்டேங்குது. சுத்தினே கீது."

"பெரிய சைஸா இருக்கும் வாப்பா. அது மேல வெச்சு மவுச வலது பக்கம் அமுக்குங்க."

"அமுக்கினா நீட்டா ஒரு லிஸ்டு வருது."

"அதுல கம்ப்ரெஸ்னு இருக்கும் பாருங்க. இன்னா படம் வாப்பா அது?"

"சும்மா ஒரு படம்."

அதற்கும் அடங்கவில்லை. புதன்கிழமை திரும்பப் போன் வந்தபோது பில் போடும் அவசரம். "ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சுவரில் மணி எட்டு இருபது. கப்பலில் காலை ஒன்பது மணிக்கும் பகல் மூன்று மணிக்கும்தான் மெயில் பார்ப்பார்கள் என்று ஷாகிர் சொல்லியிருக்கிறான். ஒன்பதை விட்டால் வேறு வழி கிடையாது.

ஒயரைப் பிடுங்கியது காரணமாகத்தான். லைன் இருந்தால் மெயிலைத் திறந்த நிமிஷமே அது பழைய கடிதத்தை அனுப்பத் தொடங்கிவிடும். பாதி அனுப்பிக்கொண்டிருப்பதை நகர்த்த விடாது. லைன் இல்லாமல் திறந்தாள். அவுட்பாக்ஸில் ஒரே ஒரு கடிதம். தலைப்பு: படம். திங்கட்கிழமை எழுதியது. நாலு எம்பிக்கு மேல். அவள் சொல்லிக்கொடுத்தபடி சுருக்கித்தான் இருந்தார். ஆனால் படத்தை அப்படிச் சுருக்கினால் சுருங்காது என்று அவள் சொல்லவில்லை. நாலு நாளாக மோடம் இதைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் போய்ப் போய் லைன் அறுந்து விழுந்திருக்கிறது. அனுப்புவது முடிந்தால்தானே வந்ததை வாங்கும். அதனால் வரவேண்டிய கடிதங்களும் வரவில்லை.

திறந்து பார்க்க நேரமில்லை. அந்தக் கடிதத்தை அப்படியே இழுத்து டிராப்ட் பகுதியில் போட்டாள். ஒயரை மாட்டினாள். மோடம் கீச்சிட்டுக் கரகரத்தபோது கூடத்தில் ஓதல் ஒரு கணம் தயங்கி, மறுபடி தொடர்ந்தது.

ஏழு கடிதங்கள் இறங்கின. ஆறாவது ஷாகிருடையது.

"சாச்சா, வந்து பாருங்க. நேத்து எழுதியிருக்கான். 'வாப்பா, புதன்கிழமை ராத்திரியே எண்ணூர் வந்துட்டோம். நிலக்கரி எறக்க எடமில்ல, வெளியவே நங்கூரம் போட்டு நிக்கிறோம். ஞாயித்துக்கெழமதான் உள்ள உடுவாங்க. அன்னிக்கு ஊட்டுக்கு வரேன்.'"

ரஷீத் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். "எண்ணூரா? நம்ம எண்ணூரா?"

"நம்ம எண்ணூருதான்."

வாசலில் மாலையோடு வந்து நின்றிருந்த துலுக்காணத்துக்கு அது கேட்டுவிட்டது. இருபது வருஷமாக வாப்பாவிடம் வலை வாங்கிய மீனவர். "அந்தக் கப்பலுங்க நிக்கிற எடம் நமக்குத் தெரியும் தாயி. போட்டு எடுத்துனு போயி சொல்லிட்டு வரட்டா?"

"கிட்ட சேக்க மாட்டாங்கண்ணா. மெயிலே போயிடும். நீங்க இருங்க."

நாலு வரி எழுதினாள். வாப்பா இன்று காலை மவுத்து. அடக்கம் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு. ஷாகிரைக் கரைக்கு அனுப்ப முடியுமா என்று கேப்டனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே வீட்டு நம்பர். அனுப்பும் பட்டனை அமுக்கினாள். எட்டு நாற்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஜும்மான்னு சொன்னத அஸருன்னு நீயே எழுதிட்டியா?" என்றார் ரஷீத்.

"ஆமா சாச்சா."

 அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, நேரத்தை மாற்றிச் சொல்லப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

பதில் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை. பர்ஹானா டிராப்டில் போட்ட கடிதத்தைத் திறந்தாள். படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக விரிந்தது. பொன்னேரியில் ஒரு டாக்டர் வாப்பாவுக்கு எடுத்த இருதயச் சோதனை. கட்டம் போட்ட தாளில் ஏறி இறங்கும் கோடு. ஓரத்தில் பேனாவால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

கூடவே வாப்பா எழுதியிருந்தார். "ஷாகிர், இத நீ மட்டும் வெச்சிக்கோ. உம்மாக்குத் தெரியாது. ராத்தாக்கும் சொல்லாத. அவ லீவு போட்டுட்டு வந்து ஒக்காந்துக்குவா. நீ எறங்கினதும் ரெண்டு பேரும் பட்டணம் போயி காட்டலாம்."

இரண்டாவது முறை படிக்கவில்லை. திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள். ஒயரைப் பிடுங்கியதிலிருந்து கடிதங்கள் இறங்கும்வரை ஆனது பத்து நிமிஷம்கூட இல்லை.

பின்னால் கமர் நிஷா வந்து நின்றாள். பர்ஹானா படத்தை மூடினாள்.

"போச்சாம்மா?"

"போச்சும்மா. அவன் எண்ணூர்லதான் இருக்கான்."

கமர் நிஷா தலையை ஆட்டினாள். கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது. "வாப்பா ஏதோ ஒண்ணு போவலேன்னு பேஜாராயினு இருந்தாரே. இன்னா அது?"

"படம்னு எழுதியிருக்காரு."

"இன்னா படம்?"

"பெரிய சைஸு உம்மா. அதான் போவல."

 உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். பர்ஹானா அந்தக் கடிதத்தை அழிக்கவில்லை. 'கடை' என்று பெயரிட்ட போல்டருக்குள், வலை ஆர்டர்களுக்கு நடுவில் அதை நகர்த்தினாள். ஒருநாள் சொல்லவேண்டும். யாரிடம் முதலில் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதே முக்காலுக்குக் கப்பலிலிருந்து பதில் வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஏஜென்ட்டின் படகு வரும், அதில் அனுப்புகிறோம், கரையில் ஜீப் நிற்கும். பர்ஹானா அதைக் கூடத்து வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள். பிறகு மோடத்தை அணைத்துவிட்டு, டெலிபோனைப் பழையபடி மாட்டினாள். மாட்டிய கையோடு அது மணியடிக்கத் தொடங்கியது. விசாரிக்கிறவர்கள்.

ஜும்மா முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, முகத்தை மட்டும் மூடாமல் வைத்தார்கள். பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டி வந்து வாசலில் காத்திருந்தது. மூன்றரைக்குச் சாச்சா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தார்.  பர்ஹானா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜீப் வந்தது. ஷாகிர் என்ஜின் ரூமில் போட்டிருந்த ஆரஞ்சு நிற உடையோடே இறங்கினான். கழுத்து மடிப்பிலும் நகக்கண்ணிலும் எண்ணெயும் நிலக்கரித் தூளும். படி ஏறப் போனவன், உள்ளே தெரிந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"பின்னால வா" என்றாள் பர்ஹானா.

கிணற்றடியில் வாளியும் சோப்பும் இருந்தன. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைகளை நீட்டினான். அவள் சொம்பால் மொண்டு ஊற்றினாள்.

"எப்புடி ராத்தா?"

"தூக்கத்துலயே."

"வலி கிலின்னு ஏதாச்சும் சொன்னாரா?"

"உம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல. நல்லாத் தேயி."

அவன் முழங்கைவரை தேய்த்தான். தண்ணீர் கறுப்பாகச் சிமெண்டுத் தரையில் இறங்கி, வாழையடிக்கு ஓடியது. அவள் மறுபடி மொண்டாள். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். கறுப்பு சாம்பல் நிறமானது. இன்னும் தெளியவில்லை. அவன் கைகளை நீட்டியபடியே இருந்தான். அவள் இன்னொரு வாளி இறைக்கக் கயிற்றை விட்டாள்.