லான்செஸ்டருக்குச் சொந்தக்காரன்

சேனாபதிக்குத் துப்பாக்கிப் பைத்தியமெல்லாம் கிடையாது. டல்லாஸுக்குப் பக்கத்தில் காப்பெலில் அவர்கள் தெருவில் பாதி வீடுகளில் துப்பாக்கி இருந்தது. ஒன்றையாவது கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில், இரும்பைக் கடைந்து அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமில் வேலை பார்த்தவன் அவன். அமெரிக்கா வருவதற்காக கம்ப்யூட்டர் படித்தான். இப்போது டல்லாஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் மெஷின்கள் குழம்பிவிடாதபடி பழைய புரோகிராம்களில் தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையில் எண்கள். கையில் எதுவும் ஒட்டாத வேலை.

1997 வசந்தத்தில் ஆபீஸ் நண்பன் திருமூர்த்தி, சும்மா வேடிக்கை பார்க்கலாம் வா என்று ஃபோர்ட் வொர்த்தில் நடந்த துப்பாக்கிச் சந்தைக்குக் கூட்டிப் போனான். அங்கே வால்டர் என்ற கிழவருடைய மேஜையில் அது கிடந்தது. லான்செஸ்டர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த சப்மெஷின் கன். அதே போரில் மற்றவர்கள் குழாயையும் தகட்டையும் ஒட்டவைத்து மலிவாகச் செய்து தள்ளினார்கள். இதைச் செய்தவர்கள் மட்டும் அவசரமே இல்லாதவர்கள் மாதிரி ஒவ்வொரு பாகத்தையும் கடைந்து எடுத்திருந்தார்கள். தோட்டாக்கூடு மாட்டும் இடம் கெட்டிப் பித்தளை. குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பார்க்க வால்டர் அனுமதித்தார். அது வழுக்கிக்கொண்டு வந்த விதத்துக்காகவே சேனாபதி மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். ஆனால் வாங்குவது என்பது வேறு விஷயம் என்று வால்டர் விளக்கினார். டெக்சாஸில் மெஷின் கன் வைத்துக்கொள்ள சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அந்த விண்ணப்பத்தில் உள்ளூர் போலீஸ் தலைவரோ அவருக்குச் சமமான ஒருவரோ கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பணம் கொடுத்தவன் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், எடுத்துப் போகக் கூடாது.

மனைவி ஸ்வர்ணாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. அது எதற்கு என்று மட்டும் கேட்டாள்.

"பார்க்கிறதுக்கு."

"பார்க்கிறதுக்குன்னா ஒரு போட்டோ எடுத்துட்டு வந்திருக்கலாமேங்க."

அவள் ஆஸ்பத்திரி பார்மஸியில் வேலை பார்த்தாள். எட்டு வயது மகள் ஓவியாவையும் வைத்துக்கொண்டு இரண்டு பரீட்சை எழுதிப் பிடித்த வேலை. அதற்குமேல் அவள் அன்று பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று சேனாபதி எடுத்துக்கொண்டான்.

போலீஸ் தலைவர் மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து, கையெழுத்துப் போட மறுத்தார். உன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, ஆனால் போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்றார். ஷெரீஃப் ஆபீஸில் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று வரவேற்பு மேஜையில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். லீவு போட்டு லீவு போட்டு அலைந்தான். கடைசியில் பழைய கார்கள் சேர்க்கும் பழக்கமுள்ள ஒரு நீதிபதி, விண்ணப்பத்தைவிட லான்செஸ்டரின் படத்தை அதிக நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு கைரேகை சரியாக விழவில்லை என்று எல்லாம் திரும்பி வந்தது. டூல்ரூமில் எமரி பேப்பர் தேய்த்துத் தேய்த்து அவன் விரல் நுனிகள் மழுங்கியிருந்தன. மறுபடி ரேகை, மறுபடி தபால், மறுபடி காத்திருப்பு. மாதம் ஒருமுறை ஃபோர்ட் வொர்த் வரை டிரைவ் பண்ணிப் போய், தன் பணத்தில் வாங்கியதை விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டு வந்தான்.

அடுத்த வருஷம்தான் ஒப்புதல் வந்தது. இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, படுக்கையறை கிளாசெட்டில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினான். வால்டர் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது இன்னொன்றும் சொன்னார். பெட்டியின் நம்பர் உனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். பதிவு உன் பேரில். நீ இல்லாதபோது மனைவியால் திறக்க முடிந்தால், அவள் அதைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதாக ஆகிவிடலாம்.

அன்று சாயங்காலம் அவன் அதை ஸ்வர்ணாவிடம் சொன்னான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் பெட்ரூம்ல, என் புடவைங்களுக்குப் பக்கத்துல, நான் திறந்தா ஜெயிலுக்குப் போற மாதிரி ஒரு பெட்டி. அப்படித்தானே சொல்றீங்க?"

"நான் வச்ச சட்டமா அது?"

"சட்டம் அவங்க வச்சது. பெட்டிய நீங்கதானே கொண்டு வந்து வச்சீங்க."

அவன் அதை எடுத்துக் காட்டுகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவனும் கேட்கவில்லை.

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு ஒரே ஒரு தடவை எடுத்துப் போனான். முதல் விரல் அழுத்தத்திலேயே ஐந்தாறு குண்டுகள் பாய்ந்து, அடுத்ததில் தோட்டா சிக்கிக்கொண்டது. பழைய ஸ்பிரிங். மாற்று ஸ்பிரிங்குக்கு இங்கிலாந்து வரை எழுதிப் பார்த்தான். பதில் இல்லை. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு சரி. துடைக்கும்போது சந்தோஷமாக இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தால் வீட்டில் யாரும் அவனிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். அது எரிச்சலாக இருந்தது.

திருமூர்த்தி ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் துப்பாக்கி விஷயத்தைப் பெருமையாகச் சொல்லிவைத்தான். அடுத்த வாரத்திலிருந்து ஸ்வர்ணாவின் தோழி ஜலஜா தன் மகள் அனன்யாவை ஓவியாவுடன் விளையாட அனுப்புவதை நிறுத்திவிட்டாள். ஸ்வர்ணா போன் பண்ணிக் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, பாட்டு கிளாஸ் இருக்கிறது என்றாள். எல்லா நாளும் பாட்டு கிளாஸா என்று ஸ்வர்ணா கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு சேனாபதியை ஒரு பார்வை பார்த்தாள்.

1999 கோடையில் சான் ஹோசேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்வர்ணாவுக்கு வேலை கிடைத்தது. அவள் பல வருஷமாக எதிர்பார்த்த வேலை. சேனாபதிக்கும் அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. கலிபோர்னியா மட்டும் மெஷின் கன்னை உள்ளே விடாது.

விற்றுவிடலாம் என்று உடனே சொன்னான். அபிலீனில் ஒரு பல் டாக்டர் வாங்க முன்வந்தார். அதற்கும் அதே ஒப்புதல், அதே மாதக்கணக்கான காத்திருப்பு. இருவரும் டெக்சாஸ்வாசிகளாக இருக்கும்வரைதான் நேரடியாக மாற்ற முடியும். சேனாபதி கலிபோர்னியாவாசி ஆகிவிட்டால் நடுவில் வியாபாரிகளை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஸ்வர்ணாவும் ஓவியாவும் போனார்கள். அவன் நின்றுவிட்டான்.

மூவர்ஸ் வந்து சோபாவையும் கட்டில்களையும் ஏற்றிக்கொண்டு போனபிறகு வீட்டில் ஒரு மெத்தை, ஒரு ரைஸ் குக்கர், அந்தப் பெட்டி. ஆபீஸிலிருந்து வந்து சோறு வைத்து, கடையில் வாங்கிய தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு சான் ஹோசேக்கு போன் போடுவான். புது ஸ்கூல் எப்படி இருக்கிறது என்று கேட்பான். ஓவியா ஃபைன் என்பாள். பிறகு, "டிட் ஹி டேக் இட் யெட்?" என்பாள். டாக்டர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்பான். ஓகே என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். ஸ்வர்ணா வாடகையும் டிராஃபிக்கும் பற்றிப் பேசுவாள். சைக்கிளிலிருந்து விழுந்து ஓவியாவின் கையில் தையல் போட்ட விஷயத்தை அவள் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டான். நீங்கள் அங்கே இருந்துகொண்டு என்ன பண்ணியிருப்பீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

நவம்பரில் பல் டாக்டர் கூப்பிட்டார். தன் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். சேனாபதி மன்னிக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு வெறும் ஹாலில் சுற்றிச் சுற்றி நடந்தான். பிறகு ஸ்வர்ணாவைக் கூப்பிட்டான்.

"கவர்ன்மென்ட் ஆபீஸ்லயே கொடுத்துடறேன். வெட்டிப் போட்டுடுவாங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."



"அவசரப்படாதீங்க," என்றாள். "தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நான் வர்றேன். எதுக்காக இவ்வளவும் பட்டோம்னு எனக்குப் பார்க்கணும்."

ஓவியாவைப் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்தாள். மத்தியானம், ஹால் கம்பளத்தில் ஒரு பழைய துண்டை விரித்து, அவன் லான்செஸ்டரை எடுத்து வைத்தான். பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எது எங்கே நகர்கிறது, எதையெல்லாம் கையால் கடைந்திருக்க வேண்டும் என்று சொன்னான். முதலில் தயங்கிச் சொன்னவன் பிறகு வேகமாகச் சொன்னான். இரண்டரை வருஷமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னான். ஸ்வர்ணா கேட்டுக்கொண்டிருந்தாள். போல்ட்டைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கனமாக இருந்ததால் இரண்டு கையும் தேவைப்பட்டது.

"அழகாத்தான் இருக்கு," என்றாள். "இத்தனை அழகா இல்லாம இருந்திருந்தா எனக்குக் கோபம் குறைஞ்சிருக்கும்."

"ஏன்?"

"இப்படி உக்காந்து நீங்க என்கிட்ட ஒரு விஷயம் பேசி எத்தனை நாளாச்சு? பேசறதுக்கு ஆள் நான் இருந்தேன். நீங்க இதோட கதவைச் சாத்திக்கிட்டீங்க."

அவன் துண்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தான். நீதானே பார்க்க மாட்டேன் என்றாய் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

வெட்ட வேண்டாம் என்று அவள்தான் தீர்மானமாகச் சொன்னாள். டெக்சாஸ் கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் பழைய போர்க்கப்பல் ஒன்றை நகராட்சியே மியூசியமாக வைத்து நடத்தியது. இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அரசாங்கத்துக்குப் போவதால் காகிதங்களும் சீக்கிரம் நகர்ந்தன. புது வருஷம் பிறந்தது. அவன் திருத்திய தேதிகள் ஒழுங்காக நடந்துகொண்டன. அதற்காக யாரும் அவனைக் கூப்பிட்டுப் பாராட்டவில்லை. பிப்ரவரியில் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்தான். மியூசியத்தில் இருந்த பெண் ரசீது கொடுத்தாள். கண்ணாடிப் பெட்டியில் இப்போது இடமில்லை, ஸ்டோர் ரூமில்தான் இருக்கும் என்றாள். எப்போது வெளியே வைப்பீர்கள் என்று கேட்டான். தெரியாது என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். வலித்தது.

ஊர் எல்லையில் ஒரு கேஸ் ஸ்டேஷன் போனிலிருந்து ஸ்வர்ணாவைக் கூப்பிட்டு, முடிந்தது என்றான். அவள் காரை லாரியில் போட்டு அனுப்பிவிட்டு ஃப்ளைட்டில் வரச் சொன்னாள். வேண்டாம், ஓட்டிக்கொண்டே வருகிறேன் என்றான். எந்த வழியாக என்று கேட்டாள். எல் பாசோ, டூசான் என்று அவன் ஒவ்வொரு ஊராகச் சொல்ல ஆரம்பித்தான். அவள் இடையில் புகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.