கண்டோஸ் கட்சிக்காரி

எந்தச் சொக்லேட் திறம் என்ற வழக்கு அந்த ஆடைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில் இரண்டு வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆவணியில் வெளிநாட்டுச் சனம் பெட்டிகளோடு வந்திறங்கினால் வழக்குச் சூடு பிடிக்கும். சுமித்திராவுக்கு மார்ஸ்தான், அவளுடைய சித்தி லண்டனில். இரஞ்சிதத்துக்கு டொப்லரோன், அவளுடைய தம்பி சுவிஸில். யார் எதற்காக வாதாடுகிறார்கள் என்று பார்த்தே யாருடைய ஆள் எந்த நாட்டில் என்று சொல்லிவிடலாம்.

கஜனி மட்டும் உள்ளூர்ச் சொக்லேட்டான கண்டோஸின் கட்சி. துணுக்காயிலிருந்து கம்பனி பஸ்ஸில் வருகிறவள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம்; சொந்தத்தில் பிளேன் ஏறியவர் ஒருவரும் இல்லை. பெட்டி வராத வீட்டுக்காரி என்று யாரும் தன்னைப் பாவம் பார்த்துவிடக்கூடாது. அதற்காகவே தொண்டை வற்றக் கத்துவாள்.

"கடையில வாங்கி அண்டைக்கே திண்டு முடிக்கிறதுதான் சொக்லேட். பிரிஜ்ஜுக்குள்ள வைச்சு வாறவைக்குக் காட்டுறதில்லை."

"நீர் திண்டு பாத்தால்தானே தெரியும்?" என்பாள் இரஞ்சிதம்.

"தாங்கோக்கா, திண்டுபோட்டுச் சொல்லுறன்."

இந்த ஆவணியில் இரஞ்சிதத்தின் தம்பி வந்தான். பேர்ன் நகரத்தில் ஒரு சின்னக் கடையில் கையாலேயே செய்து விற்கிற சொக்லேட்டாம், ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். உருகாமல் ஐஸ் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்து இரஞ்சிதம் ஆளுக்கொன்று கொடுத்தாள். கஜனிக்குக் கடைசியாக நீட்டினாள். மேசையிலிருந்த பன்னிரண்டு பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளுடைய வாயையே பார்த்தார்கள்.

கஜனி வாயில் போட்டாள். மேலோடு மெல்ல உடைந்து, உள்ளே அரைத்த கொட்டையும் வெண்ணெயுமாய் ஏதோ ஒன்று நாக்கில் கரைந்தது. கண்ணை மூடவேண்டும் போலிருந்தது. மூடினால் வழக்குத் தோற்றுவிடும். இப்படியும் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று முப்பத்திநாலு வயதுவரை தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

"பரவாயில்லை," என்றாள். தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். "எனக்கெண்டால் கண்டோஸ்தான்."

"வெண்டிட்டாளடி!" என்று சுமித்திரா மேசையில் தட்டினாள். இரஞ்சிதமும் சேர்ந்து சிரித்தாள். மானம் தப்பியது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கக்கூடாது. பின்னேரம் முழுக்க மெசினில் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டே, பல்லிடுக்கில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று நாக்கால் தேடினாள்.

பெட்டிக்குள் இரண்டாவது அடுக்கு அப்படியே கிடந்ததை அவள் கண்டிருந்தாள். நாளைக்கு அதுவும் வரும். ஒன்றும் பேசாமல் வாங்கித் தின்றுவிடலாம். தின்றவளை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? இன்னும் ஒன்றே ஒன்று போதும் என்று அவளுக்கு ஆசை ஆசையாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் பெட்டி மேசையைச் சுற்றி வந்தது. கஜனி வழமையைவிட வேளைக்கே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இருந்தாள். பெட்டி அவளுக்கு முன்னால் வந்தது, நிற்காமல் சுமித்திராவிடம் போனது.

"உமக்குத்தான் இது பிடிக்காதே," என்றாள் இரஞ்சிதம். அதில் துளிக் குத்தலும் இல்லை. "தம்பிக்கு நேற்றுச் சொன்னனான். எங்கட நாட்டுச் சாமானை விட்டுக்குடுக்காத ஆள் எண்டு உம்மைப் புகழோ புகழெண்டு புகழ்ந்தவன். காலமை கடைக்குப் போய் உமக்கெண்டு வாங்கித் தந்துவிட்டவன்."

கைப்பையைத் திறந்து ஒரு பெரிய கண்டோஸை எடுத்து வைத்தாள்.

கஜனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபிக்கவும் ஆளில்லை, எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். பக்கத்தில் சுமித்திரா கண்ணை மூடிக்கொண்டு ஆற அமரச் சப்பினாள்.

கஜனி கண்டோஸை உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"எப்பிடி?" என்றாள் இரஞ்சிதம்.

"இதுதானக்கா சொக்லேட்."

"பிறகென்ன? இனி ஒவ்வொரு ஆவணிக்கும் உமக்கு இதுதான். தம்பியும் சொல்லிப்போட்டான்."

"ஓமக்கா," என்றாள் கஜனி.