ஒரு முழம் தொய்வு

"என் எடை எழுபதை ரெண்டால வகுத்தா எவ்வளவு? முப்பத்தஞ்சு. ஒரு பக்கத்துக்கு முப்பத்தஞ்சு கிலோ. முட்டைக்கோஸ் மூட்டைகூட அதைவிட கனம்டி."

"அது கயிறு மேலேர்ந்து நேரா தொங்கினாத்தான்ணே. இது படுத்த கயிறு."

"படுத்தா என்ன, நின்னா என்ன? என் எடை மாறிடுமா?"

என் அண்ணன் கிசொக் கயிற்றின்மேல் நடப்பவன். நான் கீழே உட்கார்ந்து அவனுக்கு மத்தளம் அடிப்பவள். என் அடி விழாமல் அவன் ஓர் எட்டும் வைக்கமாட்டான். ஆன்சொங் சந்தைத் திடலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

மண்ணில் குச்சியால் மறுபடியும் முக்கோணம் வரைந்தேன். "கம்பத்துக்குக் கம்பம் ஒன்பது மீட்டர். நீ நடுவுல நின்னு பாத்தப்ப கயிறு அரைச் சாண்கூட இறங்கல. உன்னைத் தூக்கிப் பிடிக்கிறது அந்தக் கொஞ்சூண்டு சாய்வுதான். சாய்வு குறையக் குறைய இழுவை ஏறும். இப்ப நீ சும்மா நின்னாலே ஆயிரம் கிலோவுக்கு மேல இழுக்குது. நீ எகிறிக் குதிச்சு உக்காந்தா இன்னும் ஏறும்."

"ஆயிரம் கிலோவா!" கோமாளி வேடத்தில் இருந்த போங்சூ விசிறியால் வயிற்றில் அடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, காலையில என்னடா தின்ன? மாட்டையா, மாட்டுக் கொட்டகையையா?"

அண்ணனும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன திருவிழாவில் வேறொரு குழுக்காரன் எங்கள் கயிற்றைப் பார்த்து, "துணி காயப்போடவா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டான். அந்தச் சொல் அண்ணனுக்குள் முள்ளாகக் கிடந்தது. இந்த முறை நான்கு பேரை வைத்துக் கம்பியைப்போல முறுக்கிக் கட்டிவிட்டான்.

"ஒரு முழம் தொய்ய விட்டா முந்நூத்தம்பதுல நிக்கும். அவ்வளவுதான் கேக்குறேன்."

"படையல் ஆயிடுச்சு, ஹேவொன்."

அதுதான் சங்கடம். பன்றித்தலையும் அரிசிக்கள்ளும் வைத்துக் கும்பிட்ட பிறகு, ஆட்டம் முடியும்வரை முடிச்சை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் குழுவின் கட்டுப்பாடு. படையலுக்கு முன்னால் அவன் கயிற்றில் ஏறவும் மாட்டான். அவன் ஏறாமல் எவ்வளவு தொய்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் ஏறி நின்று தெரிந்தபோது எல்லோரும் கும்பிட்டு முடித்திருந்தார்கள்.

"கயித்து முனையை மண்ணுல பிடிச்சு வச்சிருக்கிற முளையைப் பாருண்ணே. நேத்து பேஞ்ச மழையில மண் ஊறிக் கிடக்கு."

"முளை இரும்புடி."

"மண்ணு இரும்பா?"

அண்ணன் விசிறியை விரித்துக்கொண்டு ஏறிவிட்டான்.

போங்சூ கூட்டத்தைப் பார்த்துக் கூவினார்: "ஐயாமார்களே, அம்மாமார்களே! இவன் எடை ஆயிரம் கிலோவாம், தங்கச்சி கணக்கு! கல்யாணத்துக்குப் பொண்ணு கிடைக்குமா?"

திடல் முழுவதும் சிரித்தது. என் கணக்கு ஒரு நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. நான் முளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கம்பத்து முனையில் நின்று ஒரு காலைக் கயிற்றில் வைத்து அழுத்தினான். முளையின் பின்பக்கம் ஈரமண்ணில் மெல்லிய பிளவு ஒன்று, மயிரிழைபோல, திறந்தது.

மத்தளத்தின் மேலிருந்த கையை எடுத்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியது. போங்சூ திரும்பிப் பார்த்தார். மேலே அண்ணன் விசிறியை அசைக்காமல் நின்றான். முதலில் முறைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, சின்ன வயதில் கேட்டதைப் போலக் கேட்டான்.

"எல்லாரும் பாக்குறாங்க, ஹேவொன். அடிம்மா. ஒரே ஒரு அடி."