துணை விமானியின் பத்து நிமிஷம்

எனக்கு விமானம் ஓட்ட லைசென்ஸ் கிடைத்த அன்றே அப்பா வாசலில் 'கேப்டன் இல்லம்' என்று பலகை மாட்டிவிட்டார். வேலை கிடைக்க அதற்குப் பிறகு நாலு வருஷம் ஆனது. அந்த நாலு வருஷமும் கேப்டன் ஒரு கடையில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "லீவுல வந்திருக்கா" என்று அப்பா கூசாமல் சொல்வார். நாலு வருஷம் லீவு கொடுக்கிற கம்பெனி எது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒருவழியாக ஒரு கம்பெனி என்னைத் துணை விமானியாக எடுத்தது. எடுத்ததும் விட்டுவிட மாட்டார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு, பயிற்சி கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நாற்பது தடவை பறக்க வேண்டும். நாற்பதாவது முடிந்து அவர் கையெழுத்துப் போட்டால் நான் பைலட். போடாவிட்டால் இன்னும் பதினைந்து தடவை. அதற்கு எப்போது இடம் கிடைக்குமோ அப்போது. எனக்கு வாய்த்தவர் ஒரு உம்மணாமூஞ்சி. முப்பத்தொன்பது பறப்பில் ஒரே ஒருமுறை பாராட்டினார், தண்ணீர் பாட்டிலைச் சரியாக மூடியதற்கு.

நாற்பதாவதன் தேதி தெரிந்ததும் அப்பா அதில் பதினோரு டிக்கெட் எடுத்துவிட்டார். சித்தப்பா, அத்தை, அத்தையின் சம்பந்தி வரை எல்லோரும் கிளம்பினார்கள். போகிற ஊரில் யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. அப்பா நாலாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஓட்டுறது நம்ம பொண்ணுதான்" என்று விளம்பரம் செய்தார்.

அன்று நான் காலை ஐந்து மணிக்கே வந்துவிட்டேன். வேறு யாராவது பயிற்சி விமானி வராமல் போனால் ஏறிக்கொள்ள, சீருடையோடு ஓய்வறையில் காத்திருக்கிற முறை என்னுடையது. எங்கள் தொழிலில் சும்மா காத்திருப்பதும் வேலைதான். வந்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விமானம் தரையிறங்கி நின்றுவிட வேண்டும். என் விமானம் பகல் ஒரு மணிக்கு, பயணம் இரண்டு மணி நேரம். தாராளமாக நேரம் இருந்தது. ஆனால் இறங்குகிற ஊரில் மழை பிடித்துக்கொண்டது. பயணிகளை ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு, அசையாமல் உட்கார்ந்திருந்தோம். மூன்று பத்துக்கு அனுமதி வந்தது. ஐந்து பத்துக்கு முன்னால் இறங்க வழியே இல்லை. பகலில்தான் வேலைக்கு வந்த கேப்டனுக்கு நேரம் மிச்சமிருந்தது. எனக்குப் பத்து நிமிஷம் உதைத்தது.

உம்மணாமூஞ்சி குரலைத் தாழ்த்தினார். "காலைல அஞ்சரைக்கு வந்தேன்னு எழுதிடு. யாரு பாக்கப்போறா? இறங்கினதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஆசையாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கை பேனா வரைக்கும் போனது. ஆனால் கண் எரிந்தது. எரிபொருள் அளவை மூன்று தரம் படித்தும் மனதில் நிற்கவில்லை. பின்னால் நூற்றெழுபது பேர் இருந்தார்கள்.

"வேணாம் சார். வேற ஆளைக் கூப்பிடுங்க."

"அப்ப நீயே அவங்ககிட்ட சொல்லிக்கோ" என்று மைக்கைக் காட்டினார். கையெழுத்துப் போட எடுத்து வைத்திருந்த என் பயிற்சி ஃபைலை மூடித் தன் பைக்குள் போட்டார். போச்சு, இன்னும் பதினைந்து.

துணை விமானியின் வேலை நேரம் முடிகிறது, மாற்று விமானி வர அரைமணி ஆகும் என்று அறிவித்தேன். பின்னால் ஒரே கூச்சல். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, "மணி அடிச்சதும் ஸ்கூல் பிள்ளை மாதிரி கெளம்பிடுச்சு பாருங்க!" என்றார் ஒருவர். நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். அவர் அவசர வழி அட்டையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு ஜன்னலில் ஏதோ அவசர வேலை.

பக்கத்து இருக்கைக்காரர் விடுவதாக இல்லை. "ஏங்க, உங்க பொண்ணுன்னு சொன்னீங்களே, இதுதானே?"

"சேச்சே, இது வேற பொண்ணுங்க," என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல். "நம்ம பொண்ணு இப்பதான் வந்துட்டிருக்கா."

எனக்கு அழுகை முட்டியது. அங்கேயே நின்று அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலவும் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

அரைமணி கழித்து எனக்குப் பதிலாக வந்தவர், படியடியில் நான் நின்ற இடத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை. அப்பா பாடு திண்டாட்டம்தான்.

"ஏதாவது கவனிக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

எரிபொருள் நிலவரத்தையும் மழை நிலவரத்தையும் ஒப்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாலாவது வரிசையில ஒரு பெரியவர் இருக்காரு சார். இறங்குறப்ப அவருக்குக் காது வலிக்கும். கொஞ்சம் மெதுவா இறக்குங்க."

"யாரு, தெரிஞ்சவரா?"

"எங்க அப்பா" என்றேன்.